அலியும் மார்சியானோவும் பொருதினால் வெல்பவர் யார்?

(எமது மன்றத்தின் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



இந்து வாலிபர் மன்றத்தின் மேடையிலே குத்துச்சண்டையைப் பற்றியா பேசுவது என்று எம்மிற் சிலர் ஐயுறக்கூடும். தலைப்பை அறிவித்தபோதே பின்வரிசையில் ஆரவாரமும் முன்வரிசையில் மௌனமும் தோன்றியதைக் கவனித்தோம். ஆயினும் இன்று நாம் ஆராயப் புகுவது குத்துச்சண்டையை மட்டுமன்று. வெவ்வேறு காலத்தில் வாழ்ந்த இரு வீரரை ஒரே களத்தில் நிறுத்தி, இவர் பெரியவரா அவர் பெரியவரா என்று கேட்கும் மனிதரின் தீராத ஆசையையே ஆராயப் புகுகின்றோம். அவ்வாசை முன்வரிசைக்கும் உண்டு, பின்வரிசைக்கும் உண்டு.

அது புதிய ஆசையுமன்று. பாரதத்தின் வனபருவத்திலே ஒரு காட்சி வருகின்றது. திரௌபதி விரும்பிய மலரைத் தேடிச் செல்லும் வீமனின் வழியிலே கிழக் குரங்கொன்று வாலை நீட்டிப் படுத்திருக்கின்றது. வாலை எடுத்து அப்பால் வைத்துவிட்டுப் போ என்கின்றது குரங்கு. மலைகளைப் பெயர்க்க வல்லவன் எனத் தன்னை எண்ணியிருந்த வீமன் இரு கைகளாலும் முயன்றும் அவ்வாலை அசைக்க மாட்டாது நாணி நிற்கின்றான். முந்திய யுகத்து அனுமனும் பிந்திய யுகத்து வீமனும் சந்தித்த இடம் அது. யுகங்கள் தோறும் ஆற்றல் குறைந்து வருவதை அனுமன் அவனுக்கு எடுத்துரைக்கின்றான். அந்தக் காலத்து ஆட்களின் பலம் இந்தக் காலத்து ஆட்களுக்கு ஏது என்று எமது வீட்டுத் திண்ணைகளிலே கேட்கும் சொல்லுக்கு இதைவிடப் பழைய ஆதாரம் வேண்டியதில்லை. ஆனால் வீமனும் அனுமனும் சந்திக்க வாயுபகவானின் அருள் இருந்தது. இருவரும் அவன் மைந்தர். குத்துச்சண்டை வீரருக்கு அவ்வரம் இல்லை. ஆகவே அவர்களைச் சந்திக்க வைக்க அமெரிக்க நாட்டவர் ஒருவர் கணனியைத் துணைக்கழைத்தார். அக்கதையை முதலில் கூறுவோம்.

1967ஆம் ஆண்டு மயாமி நகரைச் சேர்ந்த மரி வோரோனர் என்னும் வானொலித் தயாரிப்பாளர் புதுமையான போட்டியொன்றை ஏற்பாடு செய்தார். அதிபாரப் பிரிவிலே புகழ் பெற்ற பதினாறு வீரரைத் தெரிந்தெடுத்து, அவர்களை ஒருவரோடொருவர் மோதவிட்டு, எல்லாக் காலத்துக்கும் உரிய பெருவீரர் யார் எனக் காண்பதே அவர் நோக்கம். அவ்வீரருட் பலர் இறந்து போனவர்கள், பலர் முதியவர்கள். எனவே 250 அளவிலான குத்துச்சண்டை அறிஞரிடமும் எழுத்தாளரிடமும் கருத்துக் கேட்டு, ஒவ்வொரு வீரரின் வேகம், குத்தின் வலிமை, தாங்கும் ஆற்றல், காயமடையும் இயல்பு ஆகியவற்றுக்கு எண்கள் வழங்கி, அவ்வெண்களை என்.சி.ஆர். 315 என்னும் கணனிக்குள் இட்டனர். கணனி சொன்ன முடிவை அறிவிப்பாளர் நேர்முக வருணனை போல் உணர்ச்சியோடு ஒலிபரப்பினர். இறுதிப் போட்டியில் றொக்கி மார்சியானோ ஜாக் டெம்சியை 13ஆவது சுற்றில் வீழ்த்தினார் என்று முடிந்தது. மார்சியானோவின் இடையிலே பட்டயமும் ஏறியது. ஒருவரும் ஒருவரையும் அடிக்கவில்லை; ஆயினும் ஒருவர் வென்றார்!

இப்போட்டியிலே முகம்மது அலிக்கு நேர்ந்தது யாது? கால் இறுதியிலே ஜிம் ஜெப்ரீஸ் என்பவரிடம் அவர் தோற்றதாகக் கணனி தீர்த்தது. ஜெப்ரீஸ் 1899 முதல் 1905 வரை பட்டத்தை வைத்திருந்தவர், 1953இல் இறந்தவர். அலியின் அன்றைய நிலையை எண்ணிப் பார்த்தாலன்றி அத்தீர்ப்பின் கொடுமை விளங்காது. 1967ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாள் அமெரிக்கப் படையிற் சேர மறுத்தமையால் அவர் பட்டத்தை இழந்தார். சில வாரங்களில் ஐந்து ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டு, மேன்முறையீட்டின் பொருட்டுப் பிணையில் நின்றார். குத்துச்சண்டை மேடைகள் யாவும் அவருக்கு அடைக்கப்பட்டன. அதுவரை 29 போட்டிகளில் இறங்கி 29இலும் வென்ற இருபத்தைந்து வயது இளைஞர் அவர். அவரிடம் எஞ்சியிருந்த ஒரே செல்வம் தோல்வியறியாதவர் என்னும் பெயர். அப்பெயரையும் இறந்தவர் ஒருவரைக் கொண்டு பறித்தது ஒரு பொறி. தமது பெயருக்குக் களங்கம் நேர்ந்ததெனக் கூறிப் பத்து இலட்சம் டொலர் நட்டஈடு கேட்டு அலி வழக்குத் தொடுத்தார்.

இவ்வழக்கைக் கேட்டுச் சிலர் நகைத்திருப்பர். கற்பனைச் சண்டைக்கு உண்மையான நட்டஈடா என்று நாமும் கேட்கலாம். ஆயினும் எமது எண்ணத்தில் அலி கேட்ட கேள்வி நியாயமானதே. செய்தவற்றுக்காக ஒருவரைப் புகழலாம், இகழலாம். செய்யாதவற்றுக்காகத் தோல்வியைச் சுமத்தும் உரிமை எவருக்கு உண்டு?

வழக்கு சமாதானத்தில் முடிந்தது. அதன் பயனாகவே இன்னும் விசித்திரமான நிகழ்ச்சியொன்று பிறந்தது. அலியும் மார்சியானோவும் படப்பிடிப்புக் கூடமொன்றிலே நேரிற் பொருதுவது போல் நடிக்க இசைந்தனர். 1969ஆம் ஆண்டு மயாமியில் இப்படம் எடுக்கப்பட்டது. மார்சியானோவுக்கு அப்போது வயது 45. 1955இல் ஆர்ச்சி மூரை வென்ற பின் மேடையேறாதவர். 49 போட்டிகளில் ஒன்றிலும் தோலாது, அவற்றுள் 43இல் எதிரியை மேலும் பொர இயலாதவாறு செய்து, 1956இல் ஓய்வு பெற்றவர். இப்படத்துக்காக ஏறத்தாழ 50 இறாத்தல் நிறையைக் குறைத்தார். வழுக்கையை மறைக்கப் பொய்ம்முடியும் அணிந்தார். ஒரு நிமிடம் கொண்ட சுற்றுக்களாக எழுபதுக்கு மேற்பட்ட சுற்றுக்கள் படமாக்கப்பட்டன. சில இடங்களில் அலி விழுந்தார். சில இடங்களில் மார்சியானோ விழுந்தார். இரத்தத்துக்குப் பதிலாகச் சிவந்த சாறு பூசப்பட்டது. முடிவு யாதென்பது நடித்த இருவருக்கும் தெரியாது. முடிவுகள் பலவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டு, கணனியின் சொற்படி வெட்டி ஒட்டுவதே ஏற்பாடு.

படம் வெளிவருமுன் மார்சியானோ மறைந்தார். 1969 ஆகஸ்ட் 31ஆம் நாள் அயோவா மாநிலத்திலே சிறு விமானம் ஒன்று வீழ்ந்து, தமது 46ஆவது பிறந்த நாளுக்கு முதல் நாள் அவர் உயிர் நீத்தார். 1970 ஜனவரி 20ஆம் நாள் இரவு அமெரிக்காவிலும் பிற நாடுகளிலுமாக ஏறத்தாழ 1,500 படமாளிகைகளில் அப்படம் காட்டப்பட்டது. 13ஆவது சுற்றிலே அலி வீழ்ந்தார், மார்சியானோ வென்றார். அந்தக் கணனி அலபாமா மாநிலத்திலே செய்யப்பட்டிருக்க வேண்டும் என்று அலி வேடிக்கையாகக் கூறினாராம். நிறவேற்றுமைக்குப் பேர் போன மாநிலம் அது. வேடிக்கையினுள்ளே வேதனையும் இருந்தது.

இனி நாம் சிந்திக்க வேண்டிய செய்தி வருகின்றது. ஐரோப்பாவிலே காட்டப்பட்ட படத்தில் முடிவு வேறு. அங்கே மார்சியானோவின் முகம் காயமுற, அலி வென்றார். அதே இருவர், அதே கூடம், அதே குத்துக்கள். கடல் கடந்ததும் வென்றவர் மாறினார். நீதி தேவதையின் கண் கட்டப்பட்டிருக்கும் என்பர். இந்தத் தேவதையோ கண்ணைத் திறந்து, படம் பார்க்க வந்திருப்பவர் யாரென நோக்கிய பின்பே தீர்ப்புக் கூறினாள் போலும்.

கணனி பொய் சொல்லவில்லை, நண்பர்களே. கணனிக்கு மெய்யும் தெரியாது, பொய்யும் தெரியாது. அறிஞர் பலரின் விருப்பு வெறுப்புக்கள் எண்களாகி உட்சென்றன. அவையே தீர்ப்பாகி வெளிவந்தன. திண்ணையிலே ஒருவர் சொன்னால் வாதம் எனப்படுவது, பொறி சொன்னதும் விஞ்ஞானம் எனப்பட்டது. அவ்வளவே வேறுபாடு. இன்று அந்த என்.சி.ஆர். பொறியைவிடப் பன்மடங்கு ஆற்றல் கொண்ட கருவிகள் எமது சட்டைப்பைக்குள்ளேயே இருக்கின்றன. அவற்றிடம் கேட்டாலும் நிலைமை அதுவே. விதைத்ததையே அறுக்கலாம் என்று நாம் பள்ளியிலே படித்த வேதாகம வாக்கு இதற்கும் பொருந்தும்.

எண்களைச் சரியாக இட்டால் சரியான விடை வராதா என்று கணிதம் பயிலும் நண்பர் கேட்கலாம். அவருக்கு ஒரு கணக்கு வைக்கின்றோம். 1971 மார்ச் 8ஆம் நாள் ஜோ பிரேசியர் அலியை வென்றார். 1973 ஜனவரியில் ஜமேக்கா நாட்டிலே ஜோர்ஜ் போர்மன் அதே பிரேசியரை இரண்டு சுற்றுக்குள் ஆறு முறை வீழ்த்தி வென்றார். 1973 மார்ச்சில் கென் நோட்டன் அலியின் தாடையை உடைத்து வென்றார். 1974 மார்ச்சில் போர்மன் அந்த நோட்டனையும் இரண்டே சுற்றில் முடித்தார். ஆகவே 1974 ஒக்டோபர் 30ஆம் நாள் கின்சாசா நகரில் அலியும் போர்மனும் எதிர்ப்பட்டபோது விடை யாதாக இருக்க வேண்டும்? அலியை வென்ற இருவரையும் நொறுக்கியவர் போர்மன். ஒன்றைவிட மற்றொன்று பெரிது, அதைவிட இன்னொன்று பெரிது என்னும் கணித விதிப்படி அலி அன்று பிழைக்கவே வழியில்லை. ஆனால் நடந்தது என்ன? அலி கயிற்றிலே சாய்ந்து நின்று போர்மனின் குத்துக்களை வாங்கி, அவரைக் களைக்கச் செய்து, 8ஆவது சுற்றிலே வீழ்த்தினார். ஒரே காலத்தில், ஒரே விதிகளின் கீழ், கண்முன்னே நின்ற இருவரின் முடிவையே எண்களாற் கணிக்க இயலவில்லை. அறுபது ஆண்டு இடைவெளிக்கு அப்பாலுள்ள இருவரின் முடிவை எப்படிக் கணிப்பது?

அடுத்து, எந்த விதியின் கீழ்ப் பொருதுவது என்பதும் ஒரு கேள்வி. 1889ஆம் ஆண்டு ஜோன் எல். சலிவன் ஜேக் கில்றெயினை வெறுங்கையோடு எதிர்த்து 75 சுற்றுக்கள் பொருதார். ஒருவர் நிலத்தில் விழுந்தாற்றான் அன்று சுற்று முடியும். 1915இல் ஹவானா நகரிலே ஜாக் ஜோன்சனும் ஜெஸ் வில்லார்டும் மோதிய போட்டி 45 சுற்றுக்குக் குறிக்கப்பட்டு 26ஆவதிலே முடிந்தது. பின்னர் பட்டப் போட்டிகள் 15 சுற்றாயின. 1982 நவம்பரில் லாஸ் வேகாஸ் நகரிலே 14ஆவது சுற்றில் வீழ்ந்த கொரிய வீரர் டுக் கூ கிம் சில நாட்களில் உயிர் நீத்தார். அதன் பின் 12 சுற்று என்னும் வரம்பு படிப்படியாக நிலைத்தது.

இது சிறு மாற்றமென எண்ணாதீர்கள். 1952 செப்டெம்பர் 23ஆம் நாள் மார்சியானோ பட்டம் வென்றது எவ்வாறு? ஜேர்சி ஜோ வோல்கொட்டிடம் முதற் சுற்றிலேயே வீழ்ந்து, எழுந்து, புள்ளிகளில் பின்தங்கியே வந்து, 13ஆவது சுற்றில் ஒரே வலக்கைக் குத்தினால் வென்றார். இன்றைய விதி அன்றிருந்தால் 12ஆவது சுற்றோடு மணியடித்திருக்கும், வோல்கொட் வென்றிருப்பார், 49க்கு 49 என்னும் பெருமையும் பிறந்திராது. அதுபோலவே டெம்சி 1919இல் வில்லார்டை வென்ற நாளைப் பாருங்கள். டெம்சி 187 இறாத்தல். வில்லார்ட் 245 இறாத்தல். தாவீதும் கோலியாத்தும் போன்ற அப்போரின் முதற் சுற்றிலே கோலியாத்து ஏழு முறை விழுந்தான். விழுந்தவன் எழும்போதே அருகில் நின்று மீண்டும் குத்த அன்று தடையில்லை. 1927 செப்டெம்பர் 22ஆம் நாள் சிக்காகோவில் ஜீன் ரனியை டெம்சி வீழ்த்தியபோதோ விதி வேறு. எவருக்கும் உரித்தல்லாத மூலைக்குச் சென்ற பின்பே மத்தியஸ்தர் எண்ணத் தொடங்குவார். பழைய பழக்கத்தால் டெம்சி அங்கேயே நின்றார். எண்ணுவது தாமதித்தது, ரனி எழுந்தார், வென்றார். ஒரே டெம்சியே எட்டு ஆண்டுக்குள் இரு விதிகளுக்கு இரு வீரராகக் காட்சியளித்தால், அவரை இன்றைய மேடைக்குக் கொணரும்போது எந்த டெம்சியைக் கொணர்வது?

பின்வரிசை நண்பர்களுக்கு இவ்விடத்தில் ஒரு வலிமையான வாதம் உண்டு. உடற்பருமனே அது. மார்சியானோ தம் உச்சக் காலத்தில் 190 இறாத்தலுக்கு உட்பட்டவர். இன்று 200 இறாத்தலுக்கு உட்பட்டோருக்கு வேறு பிரிவே வகுக்கப்பட்டுள்ளது. ஆகவே டெம்சியும் மார்சியானோவும் இன்று பிறந்திருந்தால் அதிபாரப் பிரிவிலே நின்றிருக்கவே மாட்டார்கள். லெனொக்ஸ் லூயிஸ் 6 அடி 5 அங்குலம். ரைசன் பியூரி 6 அடி 9 அங்குலம். 6 அடிக்கும் குறைந்த மார்சியானோ அவர்களின் முகத்தை எட்டுவதெப்படி என்று கேட்பது நியாயமே. ஆயினும் பருமனே முடிவாயின் வில்லார்ட் டெம்சியிடம் தோற்றிருக்க மாட்டார். 2024 மே மாதம் றியாத் நகரிலே ஒலெக்சாந்தர் உசிக் தம்மைவிட அரையடி உயர்ந்த பியூரியை வென்றிருக்கவும் மாட்டார்.

இன்னொரு செய்தி. பழைய வீரரின் படங்களைப் பார்த்து இளைஞர் நகைப்பதுண்டு. பொம்மைகள் போலத் துள்ளுகின்றனரே என்பர். அப்படங்கள் கையாற் சுழற்றும் கருவியினால் எடுக்கப்பட்டவை. எடுத்த வேகம் வேறு, பின்னாளில் ஓட்டும் வேகம் வேறு. துள்ளுவது வீரர் அல்லர், படச்சுருள். ஒருவரை அளக்குமுன் அளவுகோலை ஒரு முறை அளந்து பார்ப்பது நன்று.

கற்பனை ஒருபுறம் இருக்க, காலம் மாறிய இருவர் மெய்யாகவே மோதிய நாட்களும் உண்டு. அவற்றின் வரலாறு எமக்கு மகிழ்ச்சி தருவதன்று. 1937 முதல் 1949 வரை பட்டத்தை வைத்திருந்து 25 முறை காத்த ஜோ லூயி, வரிக்கடன் நெருக்கியதால் ஓய்விலிருந்து மீண்டார். 1951 ஒக்டோபர் 26ஆம் நாள் நியூயோர்க்கிலே 28 வயது மார்சியானோ 37 வயது லூயியை 8ஆவது சுற்றிலே கயிற்றுக்கு வெளியே வீழ்த்தினார். லூயியைத் தம் வீரராகப் போற்றி வளர்ந்தவர் மார்சியானோ. வென்றபின் அவர் அழுதார் என்பர். 1980 ஒக்டோபர் 2ஆம் நாள் 38 வயது அலியை அவரோடு முன்னர் பயிற்சியில் நின்ற லாரி ஹோம்ஸ் எதிர்த்தார். பத்துச் சுற்றுக்களின் பின் அலியின் பயிற்சியாளரே போட்டியை நிறுத்தினார். 1988 ஜனவரியில் அதே ஹோம்சுக்கு 38 வயதானபோது 21 வயது மைக் ரைசன் அவரை 4ஆவது சுற்றிலே வீழ்த்தினார். 2024 நவம்பரில் அந்த ரைசனே 58ஆவது வயதிலே, தம்மைவிட முப்பது ஆண்டு இளைய ஜேக் போலிடம் புள்ளிகளில் தோற்றதை எம்மிற் பலர் தொலைக்காட்சியிலே கண்டோம். சக்கரம் எவ்வளவு ஒழுங்காகச் சுழல்கின்றது, பாருங்கள்!

ஒரு விலக்கு உண்டு. 1994 நவம்பர் 5ஆம் நாள் 45 வயது ஜோர்ஜ் போர்மன், 26 வயது மைக்கல் மூரரைப் பத்தாவது சுற்றிலே வீழ்த்தி, கின்சாசாவில் இழந்த பட்டத்தை இருபது ஆண்டுக்குப் பின் மீட்டார். அதுவரை புள்ளிகளில் அவர் பின்தங்கியே நின்றார். முன்வரிசைப் பெரியோர் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

இவை யாவற்றினும் கொடியது 1910ஆம் ஆண்டு நிகழ்ச்சி. 1908 டிசம்பர் 26ஆம் நாள் சிட்னி நகரிலே ரொமி பேர்ன்சை வென்று ஜாக் ஜோன்சன் அதிபாரப் பட்டம் பெற்ற முதலாவது கறுப்பினத்தவரானார். வெள்ளையர் பலரால் அதைப் பொறுக்க முடியவில்லை. தோல்வியறியாது ஓய்வு பெற்ற ஜெப்ரீஸ் இருந்திருந்தால் இது நடந்திருக்குமா என்று பேசத் தொடங்கினர். இருந்திருந்தால் என்னும் ஒரு சொல், ஆறு ஆண்டு மேடையேறாது பண்ணையில் வாழ்ந்து உடல் பெருத்துப் போன ஒருவரை மீண்டும் களத்துக்கு இழுத்து வந்தது. எழுத்தாளர் ஜாக் லண்டனும் அவரை அழைத்தவருள் ஒருவர். 1910 ஜூலை 4ஆம் நாள் றீனோ நகரிலே ஜோன்சன் அவரை 15ஆவது சுற்றிலே முடித்தார். அன்றிரவு அமெரிக்க நகரங்கள் பலவற்றிலே கலகம் மூண்டது. ஜோன்சனின் வெற்றியைக் கொண்டாடிய கறுப்பின மக்கள் தாக்கப்பட்டனர், பலர் உயிரிழந்தனர். திண்ணைப் பேச்சாகத் தொடங்கியது தெருவிலே இரத்தமாக முடிந்தது.

உச்சக் காலத்து ஜெப்ரீஸ் ஜோன்சனை வென்றிருப்பாரா என்ற வினாவுக்கு விடை கூறும் தகுதி உலகில் ஒருவருக்கே இருந்தது. அவர் ஜெப்ரீசே. தம் மிகச் சிறந்த நாளிலும் தம்மால் ஜோன்சனை வென்றிருக்க இயலாது என அவர் கூறியதாகப் பத்திரிகைகள் எழுதின. அடிபட்டவரின் சொல் அது. அச்சொல்லுக்கு மேல் வேறென்ன வேண்டும்? ஆயினும் ஐம்பத்தேழு ஆண்டுக்குப் பின், மேடை மறுக்கப்பட்டிருந்த மற்றொரு கறுப்பின வீரரை வெல்ல அதே ஜெப்ரீசைக் கணனி எழுப்பிக் கொணர்ந்தது. அலி வழக்காடியதன் காரணம் இப்போது இன்னும் தெளிவாகும் என எண்ணுகின்றோம்.

எவர் பெயர் பட்டியலிலே இல்லை என்பதையும் நாம் கேட்க வேண்டும். ஜோன்சன் 1915இல் தோற்றபின் 1937இல் ஜோ லூயி பட்டம் பெறும்வரை கறுப்பின வீரர் எவருக்கும் அதிபாரப் பட்டத்துக்காகப் பொரும் வாய்ப்பே வழங்கப்படவில்லை. ஹரி வில்ஸ் ஆண்டுக்கணக்கிற் காத்திருந்தார். டெம்சியோடு அவரை மோத விடவில்லை. கனடாவிற் பிறந்த சாம் லாங்போர்ட் ஐந்தடி ஏழு அங்குல உயரத்தோடு தம்மினும் பெரியார் பலரை வென்றவர். முதுமையிலே கண்பார்வையற்று வறுமையில் வாழ்ந்தவர். அவருக்கும் அதிபாரப் பட்டப் போட்டி ஒருபோதும் கிட்டவில்லை. பட்டம் பெற்றபின் ஜோன்சனும் அவருக்கு அவ்வாய்ப்பை அளிக்கவில்லை. இறந்தவரையும் முதியவரையும் கற்பனை மேடையிலே மோதவிட ஆயிரம் பேர் முயன்றனர். உயிரோடு நின்ற வில்சையும் லாங்போர்ட்டையும் மெய்யான மேடையிலே ஏற்ற எத்தனை பேர் முயன்றனர்? நடந்திருக்கக் கூடாத கற்பனைச் சண்டைகளை எண்ணி ஏங்குவதினும், நடந்திருக்க வேண்டியும் நடவாத இச்சண்டைகளை எண்ணி வருந்துவதே முறை.

அங்ஙனமாயின் ஒப்பிடுவதே தவறா? அன்று. ஒப்பிடாத உள்ளம் வளராது. ஆனால் ஒப்பிடும் முறை ஒன்று உண்டு. இருவருள் யார் மற்றவரை வீழ்த்துவார் என்று கேளாது, ஒவ்வொருவரும் தம் காலத்திலே தமக்கு முன் நின்றவரை எவ்வாறு எதிர்கொண்டார் என்று கேட்போம். தம் நாளின் மிகச் சிறந்தவரை அவர் தேடிப் பொருதாரா, ஒதுங்கிச் சென்றாரா? தம் காலத்து விதிகளுக்குள்ளே எதைப் புதிதாகக் கண்டார்? தோல்வி வந்தபோது, அல்லது அநீதி வந்தபோது, எவ்வாறு நின்றார்? இம்மூன்று கேள்விகளுக்கும் விடை வரலாற்றிலே உண்டு. கணனிக்குச் செல்ல வேண்டியதில்லை.

இவ்வாறு கேட்டால் எமது தீர்ப்பு யாது? ஒளிக்காமற் கூறுவோம். லிஸ்டனையும் பிரேசியரையும் நோட்டனையும் போர்மனையும் எதிர்கொண்டவர் அலி. தம் இளமையின் மூன்றரை ஆண்டை மேடையின்றி இழந்து, 1970 ஒக்டோபரிலே மீண்டும் ஏறி, 1971 ஜூனிலே உயர்நீதிமன்றத்தில் தம் வழக்கையும் வென்றவர். எதிர்த்தவரின் தரத்தால் அவரையே முதலில் வைப்போம். அதனால் மார்சியானோ விழுந்துவிடார். தம் காலத்தில் எதிர் வந்த ஒருவரிடமும் தோலாதவரை எமது சொல்லோ கணனியின் சொல்லோ எவ்வாறு வீழ்த்தும்? இவரை உயர்த்த அவரை வீழ்த்த வேண்டியதில்லை என்பதே இன்று எமது உரையின் சாரம்.

முடிவாக எமது தமிழிலிருந்து ஒரு செய்தி. சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனோடு பொருது வென்றதைச் சாத்தந்தையார் என்னும் புலவர் பாடியது புறநானூற்றிலே உள்ளது. அவ்விளைஞனுக்கும் அவன் தந்தை தித்தனுக்கும் மனவேறுபாடு இருந்தது என்பர். புலவர் அவ்வேறுபாட்டிலே தலையிடவில்லை. தந்தையைவிட மைந்தன் வலியவன் என்றும் கூறவில்லை. தந்தை விரும்பினும் விரும்பாவிடினும் மைந்தனின் போரை ஒரு முறை கண்ணாற் காணட்டும் என்றே அவர் வேண்டினார்.

பெரியோர்களே, நாம் உங்களிடம் வேண்டுவதும் அதுவே. எமது காலத்தார் பொருதும்போது உங்கள் காலத்து நிழலை எம்மெதிரே நிறுத்தி அளவாது, எமக்கெதிரே மெய்யாக நிற்பவரைக் கண்டு அளவிடுங்கள். இளைஞர்களே, உங்களிடமும் ஒன்று வேண்டுகின்றோம். பழைய படத்திலே துள்ளும் உருவத்தைக் கண்டு நகைக்குமுன், அவர் எத்தனை சுற்று நின்றார், எந்த விதியின் கீழ் நின்றார் என்று கேட்டறியுங்கள். அவரவர் களத்திலே அவரவரைக் காணும் கண் எமக்கு வாய்க்குமாக.